கூரைக்குத் திரும்பவும் பஞ்சு வேண்டும்

டன்லப் ஸ்திரீட்,
சிங்கப்பூர்.

தம்பி ஸைஃபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்லாமல் தொடங்கக் கூடாது, சொல்லிவிட்டேன். நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை. மெல்பர்னில் நீ நன்றாகத்தான் இருப்பாய்.

வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் இது கூரியரில் வருகிறது. கூடவே ஒரு சம்மதத் தாள் இருக்கும். வாப்பா இந்த வீட்டை நம் இரண்டு பேர் பெயருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். உன் கையெழுத்து இல்லாமல் கூரையில் நான் கை வைக்க முடியாது.

போன வருஷம் லீவில் வந்து என்ன காரியம் செய்தாய்? மாடி சீலிங்கைப் பிரித்தாய். ஓட்டுச் சூடு கீழே இறங்காமல் தடுத்துக்கொண்டிருந்த பஞ்சுப் பாளங்களை எல்லாம் குப்பையில் போட்டாய். "பழைய மரச்சட்டம் வெளிய தெரியணும் லாத்தா, அதான் இந்த வீட்டோட அழகு" என்றாய். பத்திரிகையிலிருந்து வந்து படம் எடுத்தார்கள். சட்டத்துக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். படம் நன்றாகத்தான் வந்திருந்தது. நீ விமானம் ஏறிவிட்டாய், நாங்கள் அதன் கீழே வேகிறோம்.

மத்தியானம் லுஹர் தொழுகை நேரத்துக்குள் ஓடு கொதித்துவிடும். அவ்வளவு சூடும் நேரே வாப்பாவின் கட்டிலில் இறங்குகிறது. முன்பெல்லாம் மத்தியானம் கொஞ்ச நேரம் ஏர்கான் போட்டால் போதும், அந்தக் குளிர்ச்சி சாயங்காலம் வரை நிற்கும். இப்போது நாள் முழுக்க ஓடியும் அறை குளிர்வதில்லை. பெரிய ஏர்கானாக மாற்றிப் பார்த்தோம். கரண்ட் பில்தான் ஏறியது. மேலிருந்து இறங்கும் சூட்டை நிறுத்தாமல் மெஷினை மட்டும் மாற்றி என்ன பிரயோஜனம்? கட்டடக்கலை படித்த உனக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே! உன் வீட்டுச் சுவரிலும் கூரையிலும் பஞ்சு அடைத்திருப்பதால் குளிர்காலத்தில்கூட ஹீட்டர் அதிகம் தேவைப்படுவதில்லை என்று நீதானே பீற்றிக்கொண்டாய்? உனக்கு ஒரு நியாயம், வாப்பாவுக்கு ஒரு நியாயமா?

நோன்பு தொடங்கிய வாரம் நீ போன் செய்தபோது ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கூரைப் பேச்சை எடுத்ததும் சீறி விழுந்தாய். "ஏர்கானை இருபத்தஞ்சுல வைங்க. கரண்டை வீணாக்குறது நீங்க, குறை சொல்றது என் டிசைனையா?" என்று கேட்டாய். வாப்பா பக்கத்தில்தான் படுத்திருந்தார். வீணாக்குவது என்ற சொல் அவரை என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாதா? தொழுகைக்கு முகம் கை கால் கழுவி ஒளூ செய்யும்போது குழாயைப் பாதிக்கு மேல் திறந்தால் நம்மை அதட்டியவர் அவர்.

மறுநாள் நான் தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம், ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டார். பக்கவாதம் வந்தவர் நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல் நோன்பு வேறு. நான் வந்து தொட்டபோது உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. என் மகள் ஹம்னாதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

அல்லாஹ் காப்பாற்றினான். ஆஸ்பத்திரியில் கண் திறந்தவர் என்னிடம் முதலில் கேட்டது, "ஏர்கானை அணைச்சிட்டியாம்மா?" என்றுதான். ஸைஃப், அந்த நிமிஷம் நீ என் எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

இந்த வாரம் அவரை அனுப்பிவிடுவார்கள். அந்த அறையில் படுக்கவைக்கக் கூடாது, இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்கமாட்டார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கீழே வாடகைக் கடை. மாடி முழுக்க அதே கூரை. தோ பாயோவில் மாமி மகள் ஆயிஷா தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். வாப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "பெருநாளுக்கு என் வீட்டுல இருக்கணும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். பஞ்சு போட்டு சீலிங் அடித்தால் உன் மரச்சட்டம் மறைந்துபோகும். மறையட்டும்.

நடந்ததை உனக்குத் தெரிவிக்கக் கூடாது என்று வாப்பா என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். "புள்ள மனசு ஒடஞ்சிரும்" என்றார். உடையட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

படுத்தபடியே தொழுகிறார். தொழுது முடித்ததும் முதல் துஆ உனக்குத்தான். நான் உனக்காக துஆ கேட்டு நாளாகிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு, கேட்கிறேன்.

இன்னும் உன் லாத்தாதான்,
ருக்கையா