நூரக்கா, நீ கேட்டது எவ்வளவு?

என் ஆசை நூரக்காவுக்கு,

நீ இருந்தவரை உனக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவளுக்கு என்ன கடிதம்? நீ இப்போது இருக்கும் இடத்துக்கு இது வந்து சேருமா என்பதே எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் எழுதுகிறேன். கூட நாலு பேர் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று டீச்சர்கள் அறையில் முதலில் சொன்னது நீதான். பால்காரர் ஊற்றினால் நுரை அடங்கும்வரை நிற்பேன். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். "இன்னாமே, அவரு கள்ள டிக்கெட்டா அடிச்சினு வந்துக்கிறாரு?" என்று நீ சிரிப்பாய். நான் கரூரில் பிறந்து, கல்யாணமாகி, வீட்டுக்காரரின் வேலைக்காகக் கல்பாக்கம் டவுன்ஷிப்புக்கு வந்தவள். கோவளம் போகிற வழியில் அந்தப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராகச் சேர்ந்தேன். அங்கே நீ தமிழ் டீச்சர். முதலில் 'டீச்சர்' என்றேன், பிறகு 'அக்கா' என்றேன். எப்போது 'நீ' என்று ஆரம்பித்தேன் என்று ஞாபகமில்லை.

தொண்ணூற்றெட்டில் அந்தச் சனிக்கிழமை வகுப்பை ஆரம்பித்தோமே, யோசனை உன்னுடையதுதான். பிள்ளைகள் அதுவரை கேட்டிராத ஒரு கதையை நீ படிப்பாய். அந்தக் கதைக்கான சத்தத்தை அவர்கள் அங்கேயே, அப்போதே உண்டாக்க வேண்டும். கதையை முன்னாலேயே யாருக்கும் சொல்லக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். பழைய எக்ஸ்ரே ஷீட்டை உதறினால் இடி. மணல் தட்டில் செருப்பைத் தேய்த்தால் நடை. சோடா பாட்டிலில் ஊதினால் கிணறு.

ஸ்வரம் என் பொறுப்பு. மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களை மட்டும் கொடுத்து, "இதுக்குள்ள எங்க வேணா போங்க, தெரிஞ்ச பாட்டு மட்டும் வாசிக்காதீங்க. கதையில யார் வர்றாங்களோ அவங்க எப்படி நடப்பாங்கன்னு யோசிச்சு வாசிங்க" என்பேன். முதல் சில மாதங்கள் சந்தை இரைச்சல்தான். நீயும் அவர்கள் சத்தத்தின் மேலேயே படித்துக்கொண்டு போவாய். எங்கே நிறுத்த வேண்டும் என்று உனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

அப்புறம் ஒரு வருஷத்தில் எல்லாம் மாறிப்போனது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

சத்தம் எந்த இடத்தில் அடங்குகிறதோ, சரியாக அந்த இடத்தில் உன் அடுத்த வரி விழும். கடைசி ஸ்வரத்தின் கார்வை, அந்த நீண்ட இழுப்பு, தீர்ந்ததும் நீ வாய் திறப்பாய். ஒத்திகை பார்க்காமல் இப்படி வராது என்று எனக்குத் தோன்றியது. கவனிக்க ஆரம்பித்தேன். ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருக்கும் தேவி, ஏழாம் வகுப்புப் பெண், கட்டையிலிருந்து கையை எடுத்து லேசாகப் புருவத்தைத் தூக்குவாள். உன் கண் புத்தகத்தில் இருக்காது, அவள் முகத்தில்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அவர்களோடு என்னவோ செய்துகொண்டிருப்பாய். நான் எட்டிப் பார்த்தால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

கதையை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுகிறாய் என்று முடிவு கட்டினேன். பஸ்ஸில் ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன். "அக்கா, பிள்ளைங்களுக்குக் கதைய முன்னாடியே சொல்லிடுறியா?"

நீ ஜன்னல் பக்கமிருந்து திரும்பி, "ஆமாமா, வெயிலு ஜாஸ்திதான்" என்றாய்.

பேச்சை மாற்றுகிறாய் என்று நினைத்து, அடுத்த நிறுத்தத்தில் ஒரு சீட் காலியானதும் எழுந்துபோய் அங்கே உட்கார்ந்துகொண்டேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. அதையும் உன் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்.

பிறகு செங்கல்பட்டில் பள்ளிகளுக்கிடையே போட்டி வந்தது. மேடையில் வைத்துத்தான் கதையைக் கொடுப்பார்கள், டீச்சர் படிக்க வேண்டும், பிள்ளைகள் சத்தம் சேர்க்க வேண்டும். 'இன்றைக்குக் குட்டு உடையும்' என்று கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியின் கதை வந்தது. மற்ற பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் 'மே மே' என்று கத்தினார்கள். நம் தேவி கத்தவில்லை. ஆர்மோனியத்தில் மேல் ஸ்வரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு படியாக இறங்கி, அடியில் ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டாள். பக்கத்தில் ஒருத்தி சோடா பாட்டிலில் மெல்ல ஊதினாள். முன்வரிசையில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக்கூட மயிர்க்கூச்செறிந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் வந்ததுதான் இது என்று அப்போது எனக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் புருவம் மட்டும் தூக்கிக்கொண்டே இருந்தது.

நடுவரும் அதைப் பார்த்துவிட்டார். மைக்கில் கேட்டார். "டீச்சர், அந்தப் பொண்ணு உங்களுக்கு சைகை காட்டிக்கிட்டே இருக்கு. இது ஏற்கெனவே பேசி வெச்ச ஏமாத்து வேலையா?"

நீ எழுந்து, கைகூப்பி, முகமெல்லாம் மலர, "ரொம்ப சந்தோஷம் சார். எல்லாம் பிள்ளைங்க செஞ்சது" என்றாய்.

யாரோ சிரித்தார்கள், அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். நீ அவர்களையும் பார்த்துத் தலையாட்டினாய். வெயில் ஜாஸ்தி என்று நீ சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

மேடைக்கு ஏறி வந்து உன் எதிரில் நின்றேன். நடுவர் கேட்டதை உன் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். உன் சிரிப்பு போய்விட்டது. கீழே மூன்றாவது வரிசையில் தலைமையாசிரியை இருந்தார். நீ அவரைப் பார்த்தாய், பிறகு பிள்ளைகளைப் பார்த்தாய். மைக்கை வாங்கினாய்.

"எனக்குக் காது கேக்காது சார். வலது காது போயிடுச்சு, இடது காதும் போயிகினே கீது. அவங்க முடிச்சது எனக்குத் தெரியாது. அதான் புருவத்தத் தூக்கிச் சொல்றாங்க. நான் அவங்களுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கல, அவங்கதான் எனக்குச் சொல்லிக் குடுக்குறாங்க."

பரிசு வேறு பள்ளிக்குப் போனது. மேடையில் கொடுத்த கதைக்கே அவர்கள் நன்றாக ஒத்திகை பார்த்திருந்தார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

திரும்பி வரும் வேனில் நான் தேவியை விடவில்லை. "டீச்சர் உங்ககிட்ட மட்டும் எப்ப சொன்னாங்க?"

"டீச்சர் சொல்லல மிஸ். நாங்களே கண்டுபுடிச்சோம். ஒரு நாளு எக்ஸ்ரே ஷீட்டு கிழிஞ்சி போச்சு, ஆட்டுனா சத்தமே வரல. டீச்சரு 'இடி சூப்பரா கீது'ன்னாங்க. அப்பவே தெரிஞ்சிடுச்சு. அப்பறம் நாங்கதான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சைகை பழக்கி வுட்டோம்."

அக்கா, தினமும் பஸ்ஸில் உன் தோளோடு தோள் உரச வந்தவள் நான். உலகத்தில் எல்லோரையும் துருவித் துருவிப் பார்க்கிறவள். எனக்கு ஏன் தெரியவில்லை? தெரிந்தால் வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருப்பாய், அது புரிகிறது. என்னிடம்கூடச் சொல்ல உனக்கு என்ன பயம்? நானும் போய்ச் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாயா? நீ என்னைச் சந்தேகப்பட்டாயா?

கேட்டிருக்கலாம். நீ உயிரோடு இருந்தவரை கேட்கவில்லை.

உன்னை வகுப்பிலிருந்து எடுத்து நூலகத்தில் போட்டார்கள். அடுத்து வெளியே அனுப்பத்தான் திட்டம் என்று நான் தினமும் அறிவிப்புப் பலகையைப் போய்ப் பார்ப்பேன். அனுப்பவில்லை. "லைப்ரரில யாரும் பேசக் கூடாது, எனக்குன்னே கட்டி வெச்ச எடம்" என்று நீ சொல்லிச் சிரித்தாய். காது மெஷின் வாங்கி ஒரு மாதம் மாட்டிப் பார்த்தாய். உன் வீட்டில் கடல் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டாய். சனிக்கிழமை வகுப்பு மட்டும் நிற்கவில்லை. தேவி படிப்பு முடித்துப் போன பிறகு வேறு ஒரு பெண் புருவம் தூக்கினாள்.

உன் கடைசி நோன்புப் பெருநாளுக்கு உன் வீட்டுக்கு வந்திருந்தேன். பாடச் சொன்னாய். பாடினேன். நடுவில் சளி தொந்தரவு செய்து, ஸ்ருதி கொஞ்சம் இறங்கிவிட்டது. மற்ற யாருக்கும் தெரிந்திருக்காது. நீ என் கையைத் தட்டி, "கீழ போயிட்டே பாரு" என்றாய். சரியாகச் சொன்னாய்.

அதற்கப்புறம் மூன்று மாதம்கூட நீ இருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். போன வாரம் உன் மகன் கபீரைக் கோவளம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். "அம்மாவுக்குக் கடைசில ஒண்ணுமே கேக்கல ஆன்ட்டி. ரெண்டு காதும் சுத்தமா இல்ல" என்றான். நான் நம்பவில்லை. அப்படியானால் என் ஸ்ருதி இறங்கியது உனக்கு எப்படித் தெரிந்தது? என் கழுத்தைப் பார்த்தாயா? முகத்தில் ஏதாவது தெரிந்ததா? இல்லை, சும்மா சொல்லி வைத்தாயா? எத்தனையோ சனிக்கிழமைகளில் "நல்லா வாசிச்சாங்க வசந்தா" என்று சொன்னாயே, அதில் எதை நீ கேட்டாய்?

வகுப்பு நடக்கிறது. உன் இடத்தில் படிக்க மூன்று பேர் வந்து பார்த்துவிட்டார்கள். ஒருவர் கதையை முன்னாலேயே சொல்லிவிடுகிறாரோ என்று நான் சந்தேகப்பட்டதில், அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். போன சனிக்கிழமை பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள், "நீங்களே படிங்க மிஸ்."

"எனக்கு யார் சைகை காட்டுவா?" என்று கேட்டேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு வாண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். உனக்கு அவளைத் தெரியாது, நீ போன பிறகு சேர்ந்தவள். "உங்களுக்குத்தான் காது கேக்குதே மிஸ்" என்றாள்.

வருகிற சனிக்கிழமை நான் படிக்கப் போகிறேன், அக்கா. அவர்கள் முடிக்கும்வரை அடுத்த வரிக்குப் போக மாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
வசந்தா