இரண்டாவது பொத்தான்

பஃபலோ நகரம்

அன்பு மகனுக்கு,

தவக்கால வெள்ளியன்று தேவாலய மீன் விருந்தில் உன் போலீஸ் கேப்டனின் மனைவி, "காய்ச்சல்னு லீவு போட்டானே, இப்ப தேவலையா?" என்றாள்.

"காய்ச்சலா? நேத்துகூட நகைக்கடை வாசல்ல சீருடையோட ராஜா மாதிரி காவல் நின்னானே!" என்றேன் பெருமையாக. அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

நோய் விடுப்பில் இருக்கும் போலீஸ்காரர் வெளிவேலை பார்க்கக் கூடாதென்ற விதி உன் அப்பா போலீஸில் இருந்த காலத்திலேயே உண்டு. அவரும் கடைகளுக்குக் காவல் நின்றவர்தான், இலாகாவின் அனுமதியோடு.

திங்களன்று இலாகா விசாரணையில், "அம்மாவுக்குக் கண் தெரியாது, வேற யாரையோ பாத்திருப்பாங்க" என்று சொல்லப் போகிறாயாம். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். என்னைக் கேட்டால் பார்த்ததைத்தான் சொல்வேன். நீயும் உண்மையையே சொல்வாய்.

அன்று நகைக்கடை வாசலில் உன் சீருடைச் சட்டையின் இரண்டாவது பொத்தான் நூலில் தொங்கியது. ஞாயிறன்று கொண்டு வா. விசாரணைக்கு முன் தைத்துத் தருகிறேன்.

அம்மா