சத்தம் அமுங்கினால் போதுமா?

பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இடம் கொடுத்த என் சேகருக்கு,

நம் காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். திருவொற்றியூரில் ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு எண்ணூர் கம்பெனியில் விடுகிறேன். முதல் வாரம் கன்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டு ஓரமாகவே ஊர்ந்தேன். இப்போது ஹாரன் அடித்து வழி கேட்கிறேன், நம்புவாயா?

போன மாதம் வண்டியின் பின்பக்கம் ஓர் ஊளைச் சத்தம். வேகம் கூடினால் சத்தமும் கூடியது. உன் தோஸ்து, மெக்கானிக் மணி அண்ணனிடம் கொண்டுபோனேன்.

"கிரவுன் கத்துது தங்கச்சி. நூத்திநாப்பது ஆயில் ஊத்திடலாம். கெட்டியா இருக்கும், சத்தம் அமுங்கிடும்."

பின்சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியைத்தான் அவர் கிரவுன் என்றார். வண்டிப் புத்தகத்தில் அதற்கு அவ்வளவு கெட்டியில்லாத எண்பது-தொண்ணூறு ஆயில் என்று போட்டிருந்தது.

"சத்தம் அமுங்கும். சரியா பூடுமாண்ணே?" என்று கேட்டேன். அவர் ஆயில் டப்பாவை எடுக்கத் திரும்பினார்.

அந்தக் கடைசி ராத்திரி நீ நெஞ்சைத் தடவிக்கொண்டே, "ஒண்ணியும் இல்லமே, கேஸுதான்" என்றது காதில் கேட்டது. அன்று ஓமத் தண்ணீர் கொடுத்தேன். ஏப்பம் விட்டாய்; எனக்கு நிம்மதியாகிவிட்டது. மறுநாள் காலையில் நீ இல்லை. உன்னை ஏன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகாமல் விட்டேன்?

"தொறந்து பாருண்ணே" என்றேன் மணி அண்ணனிடம்.

"மூணு நாளு வண்டி நிக்கும். சவாரி போயிடும்மா."

"நிக்கட்டும். ஆறு பேரு என்னை நம்பிக் குந்திகினு வராங்க."

வடித்த ஆயிலில் இரும்புத்தூள் மினுங்கியது. பேரிங் ஒன்று தேய்ந்து உதிரும் நிலையில் இருந்தது. அண்ணன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நடுரோட்டுல சக்கரம் சுத்தாம பூட்டிக்கினு நின்னிருக்கும். தப்பா சொல்லிட்டேன்மா" என்றார். புது பேரிங் போட்டு, புத்தகத்தில் இருந்த ஆயிலையே ஊற்றினார்.

வண்டி நின்ற அந்த நாட்களில் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாடிப்படி ஏறினால் பல மாதமாக மூச்சு வாங்கியது, யாரிடமும் சொல்லவில்லை. உடம்பில் ரத்தமே இல்லை என்று டாக்டரம்மா திட்டினார். இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். நான் விழுங்கும்வரை நம் மகள் கவிதா எதிரிலேயே நிற்கிறாள்.

என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று உன் படத்தின் முன்னால் எத்தனை நாள் அழுதிருக்கிறேன்! இனி அப்படிக் கேட்க மாட்டேன். கவிதாவைப் படிக்க வைத்து, அவள் குடும்பத்தைப் பார்த்துவிட்டு, கிழவியாகித்தான் வருவேன். உனக்கு என்னை அடையாளம் தெரியாமல் போனால் நானே உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

உன் பொஞ்சாதி,
லட்சுமி