செவ்வாய்க்கிழமைகளில் வாங்கிய கம்ப்யூட்டர்

இன்று காலை அந்தக் கம்ப்யூட்டர் ராமை மேசை இழுப்பறையில் திரும்ப வைக்கப் போனேன். வைக்க மனமில்லாமல் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். சீப்பு நீளத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை, ஓரத்தில் பொன்னிறப் பற்கள், பற்களுக்கு நடுவே ஒரு வெட்டு. கம்ப்யூட்டர் ஓடும்போது அதன் நினைவு இதில்தான் தங்கும் என்று எனக்குச் சொன்னவன் நீ. ஆனால் இந்த ராம் நம் கம்ப்யூட்டரில் சேராது. இதன் மேல் இன்றுவரை கரண்ட் பாய்ந்ததில்லை. பிளாஸ்டிக் உறையில் உன் கடையின் மை வாசனை இன்னும் இருக்கிறது. ஒரு வாரம் அங்கேதானே கிடந்தது.

சங்கரன்கோவிலில் யார் இறந்தாலும் எனக்கு முதலில் சொல்வது நீதான். கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டார் உன் ஃபிளெக்ஸ் கடைக்குத்தான் வருவார்கள். அவர்கள் படி இறங்குவதற்குள் எனக்கு போன் வந்துவிடும். "மக்கா, பஜார்ல பாத்திரக்கடைக்காரரு போயிட்டாரு. போட்டோ வந்துட்டு. எதுக்கும் நீ ஒருக்கா விசாரிச்சுக்கோ." நான் விசாரிப்பேன். ஒரு தடவைகூட உன் தகவல் பிழையாக இருந்ததில்லை. முப்பது ஆண்டு நிருபர் வேலையில் உன்னைப் போல் நம்பகமான ஆளை நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த மடலை அன்பாகத் தொடங்க முடியவில்லை.

கம்ப்யூட்டர் ஆசை உன்னிடமிருந்து வந்தது. ஒரு மாலை, தேரடிப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். யாரோ ஒருவன் ஜெர்மனியில் மழையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். நிஜ லாரி இல்லை, கேம். சின்ன வயதில் கில்லி பட்டு உன் வலது கண் மங்கிப் போனது. அதனால் உனக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்காமலே ஐம்பத்தாறு வயதுக்கு வந்துவிட்டாய்.

"இந்த வயசுல கேம் ஆடப் போறியால?" என்றேன்.

"இந்த வயசுல நீ செய்தி எழுதல? ரெண்டும் கற்பனதான," என்றாய். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தது இன்றும் கண்ணில் இருக்கிறது.

ஆளுக்குப் பாதி போடுவது, ஐம்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது, என் மாடி அறையில் வைப்பது என்று முடிவானது. ரெடிமேடாக வாங்க நீ ஒப்பவில்லை. ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்து நாமே பூட்ட வேண்டும் என்றாய். கேம் ஆடும் கம்ப்யூட்டரில் பாதிப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். மிச்சத்தில்தான் மற்றவை. பிராசசர் போன தலைமுறையாக இருக்கலாம், விலை இறங்கியிருக்கும், லாரி ஓட்ட அது போதும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது. "நம்மூர் கரண்டுக்கு அது செத்தா, மத்ததையும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிரும்," என்றாய். நான் பல நிறத்தில் விளக்கு எரியும் ஒரு கேபினட்டைக் காட்டினேன். "ஏன், ஆடித்தபசுக்குச் சீரியல் செட் போட்ட மாதிரி இருக்கணுமோ? அந்த வெளக்குக் காசுல கார்டு ஒரு படி மேல போகும் வே நிருபரே," என்றாய். நீ ‘வே நிருபரே’ என்று தொடங்கினால் அதற்கு மேல் பேச்சில்லை.

திருநெல்வேலிக்குப் போகிற பஸ்ஸில்தான் ராமைப் பற்றிச் சொன்னாய். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தாய். அதில் ஒரு பல் உடைந்திருந்தது. "இந்தா, இதான் வெட்டு. நாலாந் தலமொறைல இங்கன இருக்கும். அஞ்சாந் தலமொறைல கொஞ்சம் தள்ளி இருக்கும். நம்ம மதர்போர்டு நாலு. அஞ்சக் கொண்டாந்து சொருகினா ஏறவே ஏறாது. இதுல தப்புப் பண்ணவே முடியாது மக்கா, அப்பிடித்தான் செஞ்சிருக்கான்."

தப்புப் பண்ணவே முடியாது. உன் சொல்தான் இது.

நாம் போனது எல்லாம் செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் கடையில் கூட்டம் இருக்காது என்றாய், நம்பினேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கிவிடலாம் என்று நான் சொன்னபோது, அடுத்த வாரம் விலை இறங்கும் என்றாய். அதையும் நம்பினேன். ஒரு வாரம் போர்டும் பிராசசரும், அடுத்த வாரம் பவர் சப்ளை, அதற்கடுத்த வாரம் கார்டு. ஒவ்வொரு முறையும் என்னைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, "நீ வெலயப் பேசிட்டு இரு, நான் பிரிண்டருக்கு மை வாங்கிட்டு வாரேன்," என்று கிளம்புவாய். திரும்பி வரும்போது கையில் மை கேன் இருக்கும். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பாய். போகும் முன் ஒன்று சொல்வாய்: "அவ போன் பண்ணுனா இங்கனதான் இருக்கேன்னு சொல்லிரு. மைக்கு மறுபடியும் கடன் சொல்லப் போறேன்னு நெனச்சு ஏசுவா."

ஒரு செவ்வாய்க்கிழமை உன் மனைவி போன் செய்தாள். "அண்ணாச்சி, அவிய ஒங்க கூடத்தான இருக்காவ?"

"ஆமாம்மா. இங்கனதான், கடைக்குள்ள நிக்கான்," என்றேன்.

பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. மை வாங்கப் போனவன் வந்துவிடுவான், அவ்வளவுதான்.

கடைசியாக ராம் மட்டும் பாக்கி. அன்றைக்கு நீ சீக்கிரமே திரும்பிவிட்டாய். நான் வெளியே டீ சொல்லப் போன நேரத்தில் ராமை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாய். ஊருக்கு வந்து என் மாடியில் எல்லாவற்றையும் பூட்டினோம். ராமைச் சொருகப் போனால் ஏறவில்லை. ஐந்தாம் தலைமுறை.

"ஏலே, சீப்ப மறந்துட்டியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

"வயசாகுதுல்லா," என்று நீயும் சிரித்தாய். மாற்றித் தரச் சொல்லலாம் என்றேன். பில்லைத் தொலைத்துவிட்டேன், கடையில் தேடிப் பார்க்கிறேன் என்று ராமையும் எடுத்துப் போனாய். அந்த ராமால்தான் ஐம்பதாயிரத்தைத் தாண்டினோம். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம்; சரியானதை உன் காசில் வாங்கி, இதை என் இழுப்பறையில் போட்டாய். அந்த வாரமும் மை வாங்கினாய்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நான் எப்படிக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை. மாலையில் கடையை அடைத்துவிட்டு வருவாய். கீபோர்டில் லாரி ஓட்டுவாய். ஐரோப்பாவில் சாலைக்கு வலப்பக்கம் போக வேண்டும். நீ சங்கரன்கோவில் பழக்கத்தில் இடப்பக்கமே போவாய். எதிரே வருகிறவன் ஹாரன் அடிப்பான். "கண்ணு தெரியலையால ஒனக்கு?" என்று அவனைத் திட்டுவாய். ஒற்றைக் கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டு நீ அப்படிக் கேட்கும்போது என்னால் சிரிப்பை அடக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் பனவடலிசத்திரம் வரைகூட நீ வண்டி ஓட்டியதில்லை. ஆல்ப்ஸ் மலையில் இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு போனாய்.

பிறகு ஒரு நாள் கடையில் விழுந்தாய். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உன்னைப் பார்த்ததும் அங்கிருந்த நர்ஸ், "இவங்க செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை ஊசி போட வருவாங்களே," என்றாள். உன் மனைவி அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கெழம செவ்வாய்க்கெழம நீங்கதான அண்ணாச்சி கூட வந்தீய?"

"கம்ப்யூட்டர் வாங்கத்தாம்மா வந்தோம். எனக்கு ஒண்ணும் தெரியாது."

"நான் போன் பண்ணுனப்ப, கடைக்குள்ள நிக்கான்னு சொன்னீயளே?"

நீ கண் விழிக்கவே இல்லை. என் சார்பில் ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. உன் மரணத்தை மட்டும் நான்தான் உன் கடைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. உன் வீட்டு வாசலில் நின்றபோது, உன் சொந்தக்காரர் ஒருவர் எனக்குக் கேட்கும்படியே, "கூட்டாளின்னா இப்பிடில்லா இருக்கணும். கடைசி வரைக்கும் மூச்சு விடல பாரு," என்றார். உன் மனைவி தலையைத் திருப்பிக்கொண்டாள். முன்பே தெரிந்திருந்தால் எங்கேயாவது கொண்டுபோய்ப் பார்த்திருக்கலாம் என்ற எண்ணம் அவளுக்கு. அதை மறித்தவன் நான் என்று நினைத்தாள். அதன் பிறகு அந்த வீட்டுப் படி எனக்கில்லை. உன் பதினாறாம் நாள் விசேஷத்துக்குக்கூட எனக்குச் சொல்லிவிடவில்லை.

நான் என்ன செய்வேன், எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். விசாரித்தேன். கம்ப்யூட்டர் கடைக்காரரைப் போய்ப் பார்த்தேன். அவர் உன்னை மறக்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன் சார், இது அந்த போர்டுக்குச் சேராதுன்னு. தெரியும், இதையே குடுங்கன்னாரு. பில்லும் வேண்டாம்னுட்டாரு."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். வாங்க வேண்டிய பாகங்கள் தீர்ந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் அடுத்த செவ்வாய்க்கிழமையும் வரச் சொல்லியிருப்பார்கள். வீட்டில் சொல்ல ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைக் காசு கொடுத்து வாங்கினாய். நான் சீப்பைச் சொல்லிச் சிரித்தபோது நீயும் சேர்ந்து சிரித்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒருமுறை அஞ்சலி பேனர் ஒன்றுக்குப் படம் வெட்டிக்கொண்டே சொன்னாய்: "ஒருத்தன் சீக்குன்னு தெரிஞ்சாப் போதும் மக்கா, உயிரோட இருக்கையிலேயே போட்டோவப் பாக்குற மாதிரி பாப்பானுவ." அதற்குப் பயந்தாயா? ஊர் அப்படிப் பார்க்கட்டும். நான் உன்னை அப்படிப் பார்த்திருப்பேன் என்று எதை வைத்து முடிவு செய்தாய்?

நேற்று உன் மனைவி வந்தாள். மாடிப் படியில் நின்றபடியே கேட்டாள். "அண்ணாச்சி, அந்தக் கம்ப்யூட்டர் இங்கனதான் இருக்கா?"

"இருக்கும்மா."

"நெசமாவே வாங்குனீயளா? அதுவே கட்டுன கதன்னுல்லா நெனச்சேன்."

போட்டுக் காட்டினேன். நீ கடைசியாக நிறுத்திய இடத்தில் லாரி நின்றது. ஏதோ ஒரு பெட்ரோல் பங்க், வெளியே மழை. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"இதையா ஓட்டுனாவ?"

"ஆமா. இடப்பக்கமாவே போவான். எதிர்ல வாரவன ஏசுவான்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள்ளேயே கேட்டாள். "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான அண்ணாச்சி பக்கத்துல இருந்தீய?"

இல்லை என்று மறுபடி சொல்வதில் பயனில்லை என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரை அணைத்துப் பக்கத் தகடைக் கழற்றினேன். உள்ளேயிருந்த ராமை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். இழுப்பறையிலிருந்து இதையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். சீப்பைப் பற்றிச் சொன்னேன். கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். பற்கள் நேராக நின்றன, வெட்டு மட்டும் தள்ளி இருந்தது.

"இது தெரியாமலா வாங்குனாவ?"

"எனக்கே சொல்லிக் குடுத்தவன் அவன்தாம்மா."

இரண்டையும் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப ஒங்களையும் சேத்துத்தான் ஏமாத்திட்டாவ," என்றாள். "பாவி மனுசன், அதுக்கும் ஒரு சாமான் வாங்கியிருக்காவ பாருங்க." கோபம்போல் தொடங்கிய குரல், முடியும்போது கொஞ்சலாக இருந்தது. இந்த ராமை என்னிடமே திருப்பித் தந்தாள். "ஒரு நா வீட்டுக்கு வாங்க அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

படி இறங்குவதற்குள் அவள் உன்னை மன்னித்துவிட்டாள். நான் இன்னும் மன்னிக்கவில்லை. இந்த ஊரில் எனக்கென்று இருந்தது என் வார்த்தை ஒன்றுதான். நான் சொன்னால் நடந்திருக்கும் என்று நாலு பேர் நம்புவார்கள். அதை என்னைக் கேட்காமல் எடுத்து உன் வீட்டில் செலவழித்தாய். அதைத் திரும்ப வாங்க, உன்னிடம் நான் எப்படி ஏமாந்தேன் என்று உன் மனைவியிடமே நிரூபிக்க வேண்டியிருந்தது.

நீ சொல்லிக் கொடுத்தபடி ஒருக்கா விசாரித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை, மை கேன், ஊசித் தடத்தை மறைத்த முழுக்கைச் சட்டை, ராம் எல்லாம் ஒத்துப் போகின்றன. ஒன்றை மட்டும் உறுதிப்படுத்த முடியவில்லை. டீக்கடையில் போனை நீட்டி அந்த லாரியைக் காட்டினாயே, அன்றைக்கு உனக்கு வியாதி தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால், நீ ஆசைப்பட்டது கம்ப்யூட்டருக்குத்தான். தெரியும் என்றால், உனக்குத் தேவைப்பட்டது செவ்வாய்க்கிழமை மட்டும்தான். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. உன் போன் நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை. ராமை என் சட்டைப் பையில், என் சீப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.