இந்த வாரம் உங்கள் முறை

ஸ்டுட்கார்ட் அருகே, ஜெர்மனி
9 அக்டோபர் 1994

அன்புள்ள எம்லின்,

உடம்பும் பெட்டியும் முழுசாக வந்து சேர்ந்தேன். என்னை வழியனுப்ப நீ ரயிலடிக்கு வரவில்லை என்ற கோபம் டோவர் துறைமுகம் வரைக்கும் இருந்தது. கப்பலில் வாந்தி எடுத்ததில் அதுவும் வெளியே போய்விட்டது.

பட்டப்படிப்பில் ஒரு வருஷம் இங்கே படித்தாக வேண்டுமென்று, ஐம்பது வயதில் மூன்றாம் மாடியில் வாடகை அறை! வகுப்புக்குள் நான் நுழைந்ததும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆசிரியை என்று நினைத்துவிட்டார்களாம். நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்ததும்தான் சிரிப்பு.

என் அறைக் கதவில் ஒரு மரப்பலகை தொங்கியது. "பெருக்கும் வாரம்" என்று எழுதியிருந்தது. அகராதி இல்லாமல் படித்துவிட்டேன்! எந்தக் கதவில் பலகை தொங்குகிறதோ, அந்த வீட்டார்தான் அந்த வாரம் மாடிப்படியைத் துடைக்க வேண்டும். முடித்ததும் எதிர்க்கதவில் மாட்டிவிடலாம். நானும் துடைத்தேன். கீழ்வீட்டு ஹேபர்லெ அம்மாள் மேலே ஏறி வந்து, கைப்பிடிக்கு அடியில் விரலை ஓட்டிப் பார்த்து, "இது போன வாரத் தூசி" என்றாள். இருபத்திரண்டு வருஷம் பள்ளிச் சமையலறையைத் துடைத்தவளிடம்!

"ஜெர்மனும் அரசியலும் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?" என்று கேட்டாயே. பதில் என் கைப்பையில் இருக்கிறது. எண்பத்து நாலாம் வருஷச் சுரங்க வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் மன்றத்தில் நாங்கள் பெண்கள் குடும்பங்களுக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருந்தபோது இந்த ஊரிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது, நினைவிருக்கிறதா? காப்பித்தூள், டின் மீன், குழந்தைகளுக்குக் கம்பளிக் காலுறை. கூடவே ஜெர்மனில் ஒரு கடிதம். படிக்க யாருக்கும் தெரியவில்லை. மீனைத் தின்றுவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டோம். அது அன்றிலிருந்து என்னை உறுத்துகிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்,
மென்னா

---

ரோண்டா பள்ளத்தாக்கு, வேல்ஸ்
30 அக்டோபர் 1994

மென்னாவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். துணி துவைக்கும் இயந்திரம் என்னைக் கண்டால் மட்டும் தண்ணீர் கக்குகிறது. நான்கு நாளாக டின் பீன்ஸ்.

கிளப்பில் தலைகாட்ட முடியவில்லை. "என்னப்பா, உம் பொண்டாட்டி எப்ப ஜெர்மனிக்குப் பிரதமராகப் போறா?" என்று பக்கத்து வீட்டு டிலிஸ் கூடக் கேட்கிறாள். சுரங்கத்தை மூடி, எனக்கு வேலை போய், வீட்டில் இருப்பது நான். ஓடிப்போனது நீ.

கிறிஸ்துமஸுக்கு வா. வந்தால் திரும்பிப் போக வேண்டாம்.

எம்லின் ப்ரோசர்
(சுரங்கச் சங்கக் கிளைச் செயலாளராக இருந்தவன்)

---

ஸ்டுட்கார்ட் அருகே
21 மே 1995

அன்புள்ள எம்லின்,

கிறிஸ்துமஸுக்கு வந்தேன், இயந்திரத்தைச் சரிசெய்தேன், திரும்பியும் வந்துவிட்டேன். இன்னும் கோபம்தானா? போகட்டும், இதைக் கேள்.

கண்டுபிடித்துவிட்டேன்! அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் நான்கு பெண்கள், இங்குள்ள இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அதில் இர்ம்கார்ட் என்பவள் இன்னும் அதே தெருவில் இருக்கிறாள். கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"பதிலே வரலியேன்னு பேசிக்கிட்டோம்" என்றாள். "பட்டினி கிடக்குறவங்க தபால்தலைக்கு எங்க போவாங்கன்னு நாங்களே சமாதானம் சொல்லிக்கிட்டோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "உங்கள் பிள்ளைகளின் பாத அளவு தெரியாததால் மூன்று அளவில் காலுறை அனுப்புகிறோம். சரியான அளவை எழுதுங்கள், அடுத்த முறை பிசகாது." பத்து வருஷமாக நம்மிடம் ஒரு கேள்வி நின்றுகொண்டிருக்கிறது, எம்லின்.

அவர்களுடைய கூட்டக் குறிப்புகள், பணம் திரட்டிய துண்டுத்தாள்கள் எல்லாம் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கொடுத்தாள். என் ஆய்வேடு இதுதான். ஹேபர்லெ அம்மாளும் கைப்பிடியில் விரலோட்டிப் பார்த்து, "பரவாயில்ல" என்றாள். பிரியும்போது கொடுக்க எனக்கென்று ஒரு பெருக்கும் பலகை வாங்கி வைத்திருக்கிறாளாம்.

உன்,
மென்னா

---

பல்கலைக்கழக விடுதி, அறை 9
19 நவம்பர் 1995

அன்புள்ள எம்லின்,

ஜெர்மனி வருஷம் முடிந்து என் பழைய பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியும், இந்த முறை நல்ல செய்தி இல்லை.

ஆய்வேட்டுக்குப் பொறுப்பேற்க ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அரசியல் துறைத் தலைவர் ஃபென்விக்கிடம் போனேன். "மிஸஸ் ப்ரோசர், இது பூரா ஜெர்மன் கடிதம். மொழித் துறைல கேளுங்க" என்றார். ஜெர்மன் துறைத் தலைவி திருமதி ராலேயிடம் போனேன். "வேலைநிறுத்தம், சங்கம்... இது சுத்த அரசியலாச்சே! ஃபென்விக்கப் பாருங்க" என்றாள். மறுபடி அங்கே, மறுபடி இங்கே. ஐந்து வாரமாக நடக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்கள் இந்த வருஷம் நான் ஒருத்திதான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது என் விஷயத்தில் சரியாகப் போயிற்று.

டிசம்பர் பதினைந்துக்குள் கையெழுத்து வராவிட்டால் ஆய்வேடு கிடையாது. ஆய்வேடு இல்லையென்றால் சிறப்புப் பட்டம் கிடையாது, வெறும் பாஸ்தான். அந்த அட்டைப்பெட்டி கட்டிலுக்கடியில் கிடக்கிறது. ஊருக்கே வந்துவிடலாமா என்றிருக்கிறது. நீ சொன்னதுதான் சரி என்று எழுதப் பேனா கூசுகிறது. எழுதிவிட்டேன்.

மென்னா

---

ரோண்டா
22 நவம்பர் 1995

என் மென்னா,

மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

நீ எழுதியதை மூன்று தரம் படித்தேன். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றவில்லை, வயிறுதான் எரிந்தது. அந்த இரண்டு பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும். வேறு பெயரில் சுரங்க அலுவலகத்தில் இருந்தார்கள். பொறியாளர் மேலாளரைக் கைகாட்டுவான், மேலாளர் பொறியாளரைக் கைகாட்டுவான், கூரை நம் தலையில் விழும்.

பதினெட்டு வருஷம் கிளைச் செயலாளராக இருந்தவன் சொல்கிறேன். தனித்தனியாகப் பார்க்காதே. இருவரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். குரலை உயர்த்தாதே. சிரிக்க வைக்க முடிந்தால் சிரிக்க வை. எழுத்தில் வாங்காமல் நகராதே. பேனாவை நீயே கொண்டுபோ, "பேனா இல்ல" என்று தப்பித்தவர்களை எனக்குத் தெரியும்.

நேற்று ஸ்டூ வைத்தேன். டிலிஸ் இரண்டாம் தட்டு கேட்டாள்.

எம்லின்

---

பல்கலைக்கழக விடுதி, அறை 9
8 டிசம்பர் 1995

என் அன்பு எம்லின்,

ஜெயித்துவிட்டோம்!

திங்கட்கிழமை காலை, ஹேபர்லெ அம்மாளின் பலகையை ஃபென்விக்கின் கதவில் மாட்டினேன். கீழே, "ப்ரோசர் ஆய்வேடு: இந்த வாரம் உங்கள் முறை" என்று ஒரு சீட்டு. மத்தியானம் பார்த்தால் பலகை ராலேயின் கதவில்! செவ்வாயன்று திரும்ப ஃபென்விக் கதவில். புதன்கிழமைக்குள் தட்டச்சுப் பெண்களெல்லாம் பந்தயம் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

வியாழக்கிழமை ராலே பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள். அதே நேரம் ஃபென்விக் கதவைத் திறந்தார். நடைவழியில் நேருக்கு நேர். இதற்குத்தானே காத்திருந்தேன்! படிவத்தோடு நடுவில் போய் நின்றேன்.

"என்னங்க இது, மிஸஸ் ப்ரோசர்?" என்றார்.

"படிக்கட்டு ரெண்டு வீட்டுக்கும் பொது சார். யாராவது துடைச்சுத்தான ஆகணும்?"

ராலேதான் முதலில் சிரித்தாள். அவருக்கும் அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் படிவத்தை நீட்டினேன், கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்த இடத்தில் இரண்டு கோடு போட்டு, இருவர் பெயரோடும்.

"அப்புறம் அனுப்பி வைக்கிறேனே" என்றார்.

"கையெழுத்து வாங்காம நகரக்கூடாதுன்னு வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு."

"யாரு உங்க வீட்டுக்காரர்?"

"கிளைச் செயலாளர்" என்றேன். பேனாவையும் நீட்டினேன்.

போட்டார்கள், எம்லின். இரண்டு பேரும்!

உன் மென்னா

---

பல்கலைக்கழக விடுதி, அறை 9
20 ஜூன் 1996

எம்லின்,

முதல் வகுப்பு! ஜெர்மனும் அரசியலும், இரண்டும் சேர்ந்து முதல் வகுப்பு! வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மதிப்பீட்டாளர் என் ஆய்வேட்டை வைத்துக்கொண்டு, திருப்பித் தர மனமில்லை என்றாராம். பலகையைப் பார்த்தாயா, மூட்டையோடு போன வாரம் அனுப்பினேனே? பட்டமளிப்பு ஜூலை பன்னிரண்டு. வருவாயா?

உன் மென்னா

---

ரோண்டா
23 ஜூன் 1996

என் மென்னாவுக்கு,

என் கோட்டைச் சலவைக்குப் போட்டாயிற்று. இந்த முறை ரயிலடிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நிற்பேன். கிளப்பில் மேசைமேல் ஏறி உன் கடிதத்தைப் படித்தேன். டிலிஸ் அழுதாள், நானும் அழுதேன். பலகை சமையலறைக் கதவில், என் பக்கமாகத் தொங்குகிறது. அப்படியே இருக்கட்டும்.

செயலாளராக இருந்தபோது வந்த கடிதம் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டேன். ஒன்றைத் தவிர. அந்த முறை என்னுடையது. கீழே எழுதியிருக்கிறேன், ஜெர்மனில் மாற்றி அனுப்பு.

"இர்ம்கார்டுக்கும் தோழியருக்கும்: நவம்பர் 1984 தேதியிட்ட தங்கள் கடிதம் கிடைத்தது. காலுறைகள் மூன்று அளவும் சரியாக இருந்தன. அந்தக் குளிரில் எங்கள் பிள்ளைகள் ஒருவர் காலும் விறைக்கவில்லை. பதில் தாமதமானதற்கு வருந்துகிறோம். உங்கள் மொழி படித்த ஒருவர் எங்கள் கிளையில் இல்லை. இப்போது இருக்கிறார். முதல் வகுப்பு.

எம்லின் ப்ரோசர், கிளைச் செயலாளர்."