இரண்டு மொட்டைத் தலைகள்

என் மகனுக்கு,

குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டு, அந்தச் சிவப்பு ஐசிக்காரர்களை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள் என்று நீ கமுந்திங்கிலிருந்து எழுதியதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. குடியுரிமையும் நீல ஐசியும் வேண்டுமென்றால், தகப்பன் இந்த மண்ணில் பிறந்தவரா என்றுதான் முதலில் பார்ப்பார்களாம். நானோ கப்பலில் வந்தவள். எல்லாம் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அவன் இங்கே விட்டுப் போனது அது ஒன்றைத்தானா? அதை விடு.

நீ இன்னும் ‘மாமா’ என்றே கூப்பிடும் மனிதர் இதே மண்ணில், சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். உனக்கு மூன்று வயதானபோது எனக்குத் தாலி கட்டியவர். “எம் மவன்தான்னு நான் வந்து சொல்றேன்லா” என்கிறார்.

“அவன் முடியைப் பாத்தாலே ஆபீசருக்குத் தெரிஞ்சிருமே,” என்றேன்.

“தைப்பூசத்துக்கு ஈப்போவில ரெண்டு பேரும் மொட்டை போட்டுக்கிட்டு, சந்தனத்தோட ஆபீசுக்குப் போறோம். மொட்டையில என்ன கறுப்பு, என்ன செம்பட்டை?”

உன் பூனைக்கண்ணைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்கு நீதான் வழி செய்ய வேண்டும். ஆபீசர் உன்னை நிமிர்ந்து பார்க்கும்போது, பக்கத்தில் நிற்பவரை ஒரே ஒரு முறை ‘அப்பா’ என்று கூப்பிடு. அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்கிற யாரும் உன் கண்ணைப் பார்க்கமாட்டார்கள்.

வழி பார்த்திருக்கும்
அம்மா