ஏகாம்பரத்துக்கு வந்த முதல் பாடம்

பெருநகர்
திங்கட்கிழமை

அன்பு மகள் தேவகிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கு மூட்டு வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை, உன் நைனாவுக்கு என்னைத் தவிர ஒரு குறையும் இல்லை. புனே குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கச் செல்லியம்மன் துணை. நடவு முடிந்து களை எடுப்பு நடக்கிறது, நைனா வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்கு மூட்டை தூக்கப் போகிறார், முதுகு வலி என்றால் கேட்பதில்லை. போனில் சொன்னால் "சரி வுடும்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நேற்று ஏகாம்பரம் நம் வாசலுக்கு வந்தான். சார் என்று எழுதக் கை வரவில்லை. நர்சிங் உதவியாளர் படிப்பில் உனக்குப் பிராக்டிகல் வைத்த அதே ஆள்தான். தன் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்லிவிட்டு, நீ பிடித்து முடித்ததும் எல்லாரும் பார்க்க முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினானே. மற்றப் பிள்ளைகள் பிடித்தபோது கழுவவில்லை. அன்று நீ சோறு தின்னாமல் படுத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது பாடம் நடத்துகிறவர்களும் கம்ப்யூட்டரில் தேர்வு எழுதித் தேற வேண்டுமாம். முதலில் அதுவே கேள்வி கேட்டு, தெரியாததைக் கண்டுபிடித்து, ஆளாளுக்குத் தனிப் பாடம் கொடுக்கிறதாம், ஒன்றில் தேறினால்தான் அடுத்தது திறக்குமாம். நீ வேலை செய்கிற புனே கம்பெனி செய்து கொடுத்ததுதானே, உனக்குத் தெரியாததா. அவனுக்கு முதலில் வந்தது கை கழுவும் பாடம். வீடியோவில் கழுவிக் காட்டுவது நீ, பேசுவதும் நீ. இப்போது அவனிடம் படிக்கிற பக்கத்து வீட்டு ஜெனிஃபர் இதைச் சொன்னபோது வரப்பிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

வந்தவனுக்கு நான் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. "எத்தினி தபா எழுதனாலும் தொறக்க மாட்டேங்குது, உம் பொண்ணாண்ட சொல்லி அது பேசறத எழுத்தா போடச் சொல்லும்மா" என்றான். இந்த மாதத்துக்குள் தேறாவிட்டால் வேலை போய்விடுமாம். நைனா உருகிவிட்டார், "பொயச்சிப் போவட்டும், சொல்லு" என்கிறார். ஏன் திறக்கவில்லை என்று ஜெனிஃபரைக் கேட்டேன். "அவரு சவுண்ட நிறுத்திட்டுதான் பாக்கறாரு அத்தே. அக்கா பேசறதுல இருந்துதான் கேள்வியே வருது" என்றாள். வேலையே போனாலும் உன் குரல் அவன் காதில் விழக்கூடாதாம், பார்த்தாயா.

நீ இளகின மனசுக்காரி, எழுத்தாகப் போட்டுவிடலாம் என்று இந்நேரம் நினைத்திருப்பாய். போடாதே. காது கேட்காதவர்களுக்கு என்றால் செய்ய வேண்டியதுதான், இவன் காதுக்கு ஒன்றும் இல்லை. அவன் வேலை போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தேறட்டும், சம்பளம் வாங்கட்டும், ஆனால் என் பெண் பேசுவதை முழுசாகக் கேட்ட பிறகு வாங்கட்டும்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு பேருக்குப் பாடம் சொல்லி நிறைவாக இருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வை, இரவில் தயிர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நைனா எனக்குத் தெரியாமல் உனக்குப் போன் செய்து அவனுக்காகப் பேசுவார். எடுக்காதே.

ஆறாத மனதோடு,
உன் அம்மா
தாயாரம்மாள்